ஆராய்ச்சிக்குப் போன கொழுந்து

இரசாயனம் படித்தவன் வெளியே போகக்கூடாது, தாவரம் படித்தவன் உள்ளே வரக்கூடாது. எங்கள் ஆராய்ச்சி நிலையத்தின் எழுதாத சட்டம் இதுதான். எழுதிய சட்டம் இதற்கு நேர் எதிர். பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கிய பிள்ளைகளை எடுத்து, இரசாயனக்காரனுக்கு உயிரியலும் உயிரியல்காரனுக்கு இரசாயனமும் பழக்கி, இரண்டும் தெரிந்த தேயிலை விஞ்ஞானிகளை உண்டாக்கப் போகிறார்களாம். அதற்கு ஒரு திட்டம், திட்டத்துக்கு ஒரு விழா, விழாவுக்குக் கொழும்பில் இருந்து வந்த பெரிய மனிதர்கள், அவர்களுக்குக் கேக்கும் தேத்தண்ணியும். ஊருக்குத்தான் உபதேசம் என்று சும்மாவா சொன்னார்கள்.

அது 1962. ஹட்டனுக்கு மேலே, மழை விட்டால் மூட்டம், மூட்டம் விட்டால் மழை என்று இருக்கும் ஒரு மலையில் அந்த நிலையம் இருந்தது. தோட்ட முதலாளிமாரின் பணத்தில் நடந்த இடம். பரிசோதனைகளுக்கென்று அதற்குச் சொந்தமாக ஒரு சின்னத் தோட்டம் உண்டு. அதில் வேலை செய்பவர்கள் இருக்க லயங்கள் என்ற வரிசை வீடுகள், அவர்களை மேய்க்கக் கங்காணி, கங்காணிக்கு மேலே கண்டாக்கு என்ற அதிகாரி எல்லாம் உண்டு. திட்டத்தின் முதல் பயிற்சியாளர்கள் நாங்கள் இரண்டு பேர். நான் பைஸர். கினிகத்தேனையில் வாப்பாவுக்குப் புடைவைக் கடை, எனக்கு இரசாயனத்தில் பட்டம். மற்றவன் அழகன். அவனுக்குத் தாவரவியலில் பட்டம், அதுவும் என்னுடையதைவிட நல்ல பட்டம்.

அழகன் உடப்புசல்லாவைப் பக்கத்தில் ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்தவன். அவனுடைய அம்மா வீரம்மா அப்போதும் அங்கே கொழுந்து பறித்துக்கொண்டுதான் இருந்தார். லயத்தில் இருந்து பேராதனைப் பல்கலைக்கழகம் வரை எப்படி வந்தாய் என்று யாராவது ஆச்சரியப்பட்டுக் கேட்டால், "நடந்துதான் வந்தேன்" என்பான். கேட்டவர் அத்தோடு வாயை மூடிக்கொள்வார்.

இரண்டு வருடப் பயிற்சியை முடித்தால் முதுமாணிப் பட்டமும் நிலையத்தில் நிரந்தர வேலையும் கிடைக்கும். எனக்கு அது கிடைக்காவிட்டால் பெரிய நட்டமில்லை. எங்காவது ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்ந்துவிடலாம், ஒன்றுமில்லை என்றால் கடையில் சேலை விரித்துக் காட்டலாம். அழகனுக்கு அப்படி இல்லை. அரசாங்க உத்தியோகம் என்றால் பிரஜாவுரிமை கேட்பார்கள். அது அவனிடமும் இல்லை, அவனைப் பெற்றவளிடமும் இல்லை. இந்த மலையில் பிறந்து இந்த மலையிலேயே தேய்ந்த சனத்தை, சுதந்திரம் விடிந்த கையோடு நாடற்றவர்களாக்கிய சட்டத்தைப் பற்றி எழுதத் தொடங்கினால் இந்தக் கதை முடியாது. அவனுடைய படிப்புக்கு இந்தத் தீவில் திறந்திருந்த கதவு இந்த ஒன்றுதான். அதன் சாவி டொக்டர் சபாநாதனின் சட்டைப்பையில் இருந்தது.

டொக்டர் சபாநாதன் இரசாயனப் பகுதியின் தலைவர். கொழும்பில் வளர்ந்த யாழ்ப்பாணத்தார், லண்டனில் டொக்டர் பட்டம் வாங்கியவர். உயிரியல் பகுதிக்குத் தலைவராக இருந்த வெள்ளைக்காரர் கப்பலேறிப் போய்விட்டதால் அந்தக் கதிரையும் இவர் கைக்கு வந்தது. பாராட்டுவதற்கு ஆங்கிலம், ஏசுவதற்குத் தமிழ் என்று வைத்திருந்தார். அழகனோடு அவர் ஆங்கிலத்தில் பேசி நான் கேட்டதேயில்லை.

வந்த முதல் வாரமே அழகன் ஆய்வுகூடத்து வாசலில் காலை வைத்தான். "அந்த மண் காலோட இஞ்ச வராதையும். உமக்கு வேலை மலையில" என்று சொல்லிவிட்டார். நான் மலைக்குப் போய்ச் செடியைப் பார்த்து வரட்டுமா என்று கேட்டதற்கு, "நீர் அங்க போய் என்ன செய்யப் போறீர், அட்டைக்கு ரத்தம் குடுக்கவோ?" என்று சிரித்தார். இதுதான் எங்களுக்குக் கிடைத்த பயிற்சி. அவன் மழையில் நனைந்தான், நான் அமிலப் புகையில் இருமினேன். இரவுச் சாப்பாட்டு மேசையில் மட்டும் சந்தித்துக்கொண்டோம். அங்கேயும் வேலைக் கதை கிடையாது. இரண்டு பேருக்கும் அன்றைக்கு விழுந்த ஏச்சைப் பகிர்ந்துகொள்ளவே நேரம் சரியாக இருக்கும்.

அந்தக் காலத்தில் தேயிலைக்குப் பெரிய சனியனாக வந்திருந்தது கொப்புள நோய். மூட்டமும் மழையுமான மாதங்களில் இளங்கொழுந்தில் கொப்புளம் கொப்புளமாகப் போட்டு, வெளுத்து, கடைசியில் இலையையே தின்றுவிடும். அதற்குத் தோட்டமெல்லாம் செம்பு மருந்து அடித்தார்கள். மருந்துக்கு ஆகும் செலவு முதலாளிமாரின் கண்ணைக் குத்தியது. இவ்வளவு மருந்து தேவைதானா என்று கண்டுபிடிப்பதுதான் எங்கள் பரிசோதனை. மலையில் நான்கு துண்டு ஒதுக்கி, ஒன்றுக்கு நிறைய, ஒன்றுக்குக் கொஞ்சம், ஒன்றுக்கு மிகக் கொஞ்சம் என்று மருந்தடித்து, கடைசித் துண்டை அப்படியே விட்டிருந்தார்கள். அழகன் செடி செடியாகக் குனிந்து எத்தனை கொழுந்தில் கொப்புளம் என்று எண்ண வேண்டும். அதே துண்டுகளில் இருந்து துணிப்பையில் வரும் கொழுந்தை நான் அரைத்து, தேத்தண்ணிக்கு நிறமும் துவர்ப்பும் கொடுக்கும் சத்து எவ்வளவு இருக்கிறது என்று அளக்க வேண்டும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நோய் எவ்வளவு கெடுக்கிறது, மருந்து எவ்வளவு காக்கிறது என்று தெரிந்துவிடும். நல்ல பரிசோதனை. குறை சொல்ல மாட்டேன்.

மழை மாதங்கள் முடிகிற நேரம் டொக்டர் எங்கள் இரண்டு பேரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். கொழும்பில் முதலாளிமாரின் பெரிய கூட்டம் வரப்போகிறது, அதில் அவர் பேச வேண்டும். முகம் பூரித்திருந்தது. நான் அளந்ததில் நான்கு துண்டுக்கும் வித்தியாசமே இல்லை. மருந்தடிக்காத துண்டின் கொழுந்தும் மற்றதைப்போலவே திறமாக இருந்தது. அப்படியென்றால் மருந்தைப் பாதியாகக் குறைத்துவிடலாம் என்று கூட்டத்தில் சொல்லப் போகிறார், முதலாளிமார் அவரைத் தலையில் தூக்கி வைத்து ஆடுவார்கள். குறுக்கே நின்றது அழகனின் எண்ணிக்கை மட்டும்தான்.

"என்ன இது அழகன்? மருந்தடிக்காத துண்டில பாதிக்குப் பாதி கொப்புளமெண்டு சொல்லுறீர். பைஸரிட்ட வந்த கொழுந்தில ஒரு கொப்புளம்கூட இல்லை. ரெண்டில ஒண்டு பொய். இரசாயனம் பொய் சொல்லாது."

"நான் செடியில பாத்தத எண்ணினேன் சேர். ஒரு நாளைக்கு வந்து பாருங்க, காட்டுறேன்" என்றான் அழகன்.

"நான் வரத் தேவையில்லை. உம்மட எண்ணம் எனக்கு விளங்காதெண்டு நினைச்சீரோ? மருந்தடிப்புக் குறைஞ்சா உம்மட ஆக்களுக்கு வேலை குறையும். அதுக்குத்தானே இந்த விளையாட்டு?"

டொக்டர் விடவில்லை.

"கூட்டத்துக்கு முன்னம் நீர் எண்ணினது பிழையெண்டு ஒப்புக்கொள்ளும். இல்லாட்டி வீட்டுக்குப் போம். அந்த வீடு எந்த நாட்டில இருக்குதெண்டு எனக்குத் தெரியாது."

சொல்லிவிட்டுச் சிரித்தார். ஒரு மனிதன் தன் மொழி பேசும் இன்னொரு மனிதனைப் பார்த்து இதைச் சொல்லிச் சிரிக்கலாம் என்று அன்றைக்குத்தான் கண்ணால் கண்டேன். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மேசையில் இருந்த கண்ணாடிக் குவளையை எடுத்து அடிக்காமல் வந்தது என் வாப்பா செய்த புண்ணியம்.

வெளியே வந்ததும் அழகன், "மச்சான், நான் பொய் சொல்லலடா" என்றான்.

"அத ஏன்டா எனக்கிட்டச் சொல்ற?" என்று அவன்மேலேயே எரிந்து விழுந்தேன். "வா என்னோட. மண் காலோடயே வா."

டொக்டர் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போகும்வரை காத்திருந்து, அவனை ஆய்வுகூடத்துக்குள் கூட்டிப் போனேன். அன்று காலையில் வந்த பைகள் மேசையில் இருந்தன. மருந்தடிக்காத துண்டின் பையை அவிழ்த்து அவன் முன்னால் கொட்டினேன். அவன் கொழுந்தைக் கையால் பரப்பினான். ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தான். பிறகு, அந்த நிலைமையிலும் சிரித்தான்.

"இது கொழுந்து இல்ல மச்சான், சீதனம். பொண்ணு பாக்க வாறவனுக்குக் காட்டுற மாதிரி பொறுக்கி எடுத்திருக்காங்க. அந்தத் துண்டுல நாள் முழுக்கப் பொறுக்குனாத்தான் இந்த ஒரு பை தேறும். இத எடுத்தது யாரு?"

"பழனியாண்டிக் கங்காணிட கூட்டத்துப் பெண்டுகள்."

"எப்படி எடுக்கணும்னு அவங்களுக்கு யாரு சொன்னது?"

யோசித்துப் பார்த்தேன். துண்டுக்கு ஒரு பை வேண்டும் என்று டொக்டர் கண்டாக்கிடம் சொன்னார். கண்டாக்கு கங்காணியிடம் சொன்னார். கங்காணி பெண்களிடம் சொன்னார். பையை எப்படி நிரப்ப வேண்டும் என்று ஒருவரும் ஒருவருக்கும் சொல்லவில்லை.

"எங்கம்மா ஒரு கொப்புள எலையக் கூடைல போட்டு நான் பாத்ததே இல்ல" என்றான் அழகன். "போட்டா நிறுக்கிற எடத்துல கணக்கப்புள்ள கூடையக் கவுத்துருவாரு. அரைப்பேருதான். கெட்ட எலையக் கண்டா அவங்க கை தானா விலகிப் போயிரும். இந்தப் பை இப்படி நெறையுதுன்னு எனக்கு ஒரு நாளாவது காட்டியிருந்தீங்கன்னா அன்னைக்கே சொல்லியிருப்பேன்."

அரைப்பேர் என்றால் முழு நாள் வேலை செய்தவளுக்கு அரை நாள் சம்பளம் என்று அர்த்தம். தோட்டத்தில் எல்லாக் குற்றத்துக்கும் அந்த ஒரே மருந்துதான்.

அடுத்த கொழுந்து நாளில் நானும் அவனோடு மலைக்குப் போனேன். மழை தூறிக்கொண்டிருந்தது. நகரத்துச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போன எனக்கு அரை மணியில் கணுக்காலைச் சுற்றி அட்டை. "பாருங்கடி, மருந்துத் தொரைக்கு அட்ட மால போட்டிருச்சு" என்று பெண்கள் சிரித்தார்கள். மருந்தடிக்காத துண்டில் செடிகளுக்குக் கீழே குனிந்து பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. கிள்ளிப் போட்ட கொப்புளக் கொழுந்து தரையெங்கும் கிடந்தது. நான் மாதக்கணக்கில் அளந்திருக்க வேண்டியதெல்லாம் அங்கே அழுகிக்கொண்டிருந்தது.

முன் வரிசையில் நின்ற வேலாயியிடம் அழகன் கேட்டான். அவள்தான் அந்தக் கூட்டத்தில் வாய்க்காரி.

"ஏன்க்கா இதையெல்லாம் கீழ போட்டீங்க?"

"அந்தச் சனியன எதுக்குத் தம்பி உள்ள போடணும்?" கை நிற்காமல் பறித்துக்கொண்டே சொன்னாள். "இது ஆராய்ச்சிக்குப் போற கொழுந்துல்ல? பெரிய பெரிய ஆளுங்க பாக்குறது. நம்ம மலையக் கேவலமாப் பேசிறக் கூடாதுல்ல."

மேல் வரிசையில் இருந்து பழனியாண்டிக் கங்காணி கம்பளியைச் சரிசெய்துகொண்டு இறங்கி வந்தார். "நான்தாங்க சொல்லி வச்சேன். ஒரு கொப்புளம் இருந்தாலும் பையத் தூக்கி எறிஞ்சிருவேன்னு. சொன்னதுல ஏதும் கொற இருக்குங்களா?" என்று பெருமையோடு கேட்டார்.

அந்த முகத்தைப் பார்த்து யார் குறை சொல்வது? தாய் தகப்பன் காலத்தில் இருந்து நல்ல இலையை மட்டும் கொண்டு வா என்று அடித்துப் பழக்கிய கைகள். அந்தக் கைகளிடம் போய் நோயைக் கொண்டு வா என்று சொல்ல ஒரு நாக்கு வேண்டும். அந்த நாக்கு இருந்த மனிதர் ஆய்வுகூடத்தில் கணப்புப் பக்கத்தில் உட்கார்ந்து ஏசிக்கொண்டிருந்தார்.

அன்று நாங்கள் இரண்டு பேரும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வரிசையில் இறங்கினோம். கண் பார்க்காமல், கை போன இடத்தில் வந்ததை எடுக்க வேண்டும் என்றான் அழகன். அவன் பரவாயில்லை. நான் பறித்த அழகைப் பார்த்துப் பேச்சியம்மா என்ற சின்னப்பெண், "இந்த வேகத்துல போனா அடுத்த தீவாளிக்கு ஒரு பை நெறஞ்சிரும்" என்றாள். நான்கு துண்டிலும் எடுத்து முடித்தபோது விரலெல்லாம் கறுத்துப்போய் இருந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, ஞாயிறு என்றால் டொக்டர் நுவரெலியாவில் கொல்ப் பந்து அடிக்கப் போய்விடுவார். அன்று ஆய்வுகூடத்தைத் திறந்தோம். துளித் துளியாக விடும் கண்ணாடிக் குழாயைத் திருகுவது எப்படி என்று அழகனுக்குக் காட்டினேன். முதல் தரம் தாராளமாகத் திறந்துவிட்டு எல்லாவற்றையும் கெடுத்தான். "கல்யாண வீட்டுச் சாம்பாராடா இது?" என்று ஏசினேன். கை பழகிய பிறகு என்னைவிட நிதானமாகச் செய்தான். அளவு வரும் இடைவேளையில் நுணுக்குக்காட்டியை வைத்து, அந்தப் பூஞ்சணம் இலைக்குள் நுழைந்து எந்த அடுக்கைத் தின்கிறது என்று எனக்குக் காட்டினான். நான் இவ்வளவு காலமும் அளந்த சத்து இலையில் எங்கே இருக்கிறது, நோய் வந்தால் அது ஏன் குறைய வேண்டும் என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. விழா எடுத்துத் தொடங்கிய அந்தப் பயிற்சி உண்மையில் நடந்தது அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். அதையும் திருட்டுத்தனமாக நடத்த வேண்டியிருந்தது.

பொழுது சாயும்போது விடை வந்துவிட்டது. மருந்தடிக்காத துண்டில் சத்து விழுந்து கிடந்தது. அழகன் செடியில் எண்ணினதும் நான் குழாயில் அளந்ததும் ஒன்றோடொன்று கை கோத்துக்கொண்டன. நான் துள்ளிக் குதித்தேன். அழகன் குதிக்கவில்லை. "ஐயா ஒத்துக்கணுமே" என்றான்.

திங்கட்கிழமை இரண்டு குவியல்களை டொக்டரின் மேசையில் வைத்தோம். ஒன்று பெண்கள் பொறுக்கி அனுப்பியது, மற்றது நாங்கள் பறித்தது. இரண்டும் ஒரே துண்டு. நடந்ததையெல்லாம் நான் சொன்னேன். அவர் முட்டாள் இல்லை. பார்த்ததும் விளங்கிவிட்டது. இந்தப் பொய்க் கணக்கைக் கொண்டுபோய்க் கூட்டத்தில் வாசித்திருந்தால், அடுத்த மழையில் தோட்டங்கள் போயிருக்கும், அவர் பெயரும் சேர்ந்து போயிருக்கும். அப்படி ஒரு குழியில் இருந்து கையைப் பிடித்துத் தூக்கிவிட்டவன் அழகன். ஒரு நன்றி சொல்லியிருக்கலாம். மன்னிப்பைக்கூட நான் எதிர்பார்க்கவில்லை.

"ஆராய்ச்சியையே ஏமாத்திப்போட்டாளவை" என்றார்.

"யாரு சேர்?"

"உந்தப் பெண்டுகள்தான். கண்டாக்கரைக் கூப்பிடும். அந்தக் கூட்டம் முழுக்க அரைப்பேர்."

"அவங்களுக்கு யாரும் சொல்லித் தரல்லையே சேர்" என்றேன்.

"நீர் வாயை மூடும்."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். கெட்ட இலையைக் கொண்டு வந்ததற்கு ஆயுள் முழுக்க அரைப்பேர் வாங்கிய பெண்களுக்கு, இப்போது நல்ல இலையைக் கொண்டு வந்ததற்கு அரைப்பேர். இந்த நியாயத்தை எந்த நாட்டில் போய்ச் சொல்வது? அதோடு விட்டாரா? அழகன் பக்கம் திரும்பினார்.

"நாளைக்கு விடியப் பெரட்டில, எல்லாருக்கும் முன்னால நீர் நிண்டு சொல்லவேணும். நீங்கள் ஏமாத்தினீங்கள், அதாலதான் இந்தத் தண்டனை எண்டு. உம்மட ஆக்கள்தானே, உம்மட வாயால வந்தாத்தான் ஏறும். சொல்லும், நீர் எண்ணினது சரியெண்டு நானும் ஏத்துக்கொள்ளுறன். இடமும் இருக்கும்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். இவர் அந்தச் சோற்றை அழகனைக் கொண்டே பரிமாறப் பார்த்தார்.

"சரி சேர். பெரட்டுல நான் பேசுறேன்" என்றான் அழகன்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. அன்று இரவு அவனோடு நான் பேசவில்லை. மேசையில் உப்பைக் கேட்டான், தள்ளிக்கூட விடவில்லை.

பெரட்டு என்றால் விடிந்தும் விடியாமலும் தொழிலாளர் எல்லாரும் வந்து வரிசையாக நின்று வேலை பிரித்து வாங்கும் இடம். டொக்டர் அதுவரை அங்கே வந்ததேயில்லை. அன்று குடையோடு வந்து கண்டாக்கின் பக்கத்தில் நின்றார். அரைப்பேர் விழுந்த செய்தி முதல் நாள் மாலையே லயங்களுக்குப் போய்விட்டிருந்தது. பெண்கள் கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு, அழகனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மலைக்கு வந்து சிரித்துப் பேசிக் கேட்டுக்கொண்டு போனவன் அவன்தானே. காட்டிக் கொடுத்தவன் என்ற நினைப்பு வேலாயியின் முகத்தில் அப்படியே தெரிந்தது.

அழகன் முன்னால் போய் நின்றான்.

"அக்காமாரே, டொக்டர் ஐயா ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னாரு. அதுக்கு முந்தி நான் ஒண்ணு சொல்லணும். ஆராய்ச்சிக்குக் கொழுந்து எப்படி எடுக்கணும்னு இதுவரைக்கும் ஒங்களுக்கு ஒருத்தரும் சொல்லித் தரல. அது எங்க தப்பு. ஒங்க தப்பு இல்ல. இப்ப சொல்லித் தாறேன், கேட்டுக்கங்க."

டொக்டரின் குடை அசைந்தது. அழகன் திரும்பிப் பார்க்கவில்லை.

"கை போற எடத்துல என்ன வருதோ அது பைக்குப் போகணும். நல்லது, கெட்டது, கொப்புளம், எல்லாம். செடிக்கு என்ன சீக்குன்னு பாக்கத்தான் அங்க கேக்குறாங்க. வைத்தியர்கிட்டப் போறப்ப புண்ண மறச்சுக்கிட்டுப் போனா அவரு எதப் பாத்து மருந்து குடுப்பாரு?"

கூட்டம் கொஞ்சம் இளகியது. வேலாயி கழுத்தை நீட்டினாள்.

"அது சரி தம்பி. கொப்புள எலையக் கொண்டாந்தா கண்டாக்கையா அரைப்பேரு போடுவாரே. அதுக்கு என்ன வழி?"

"அவரு இங்கதான நிக்கிறாரு. அவர்கிட்டயே கேளுங்க."

கண்டாக்கு டொக்டரைப் பார்த்தார். அதைப் பார்த்துப் பெரட்டுக்களம் முழுவதும் டொக்டரைப் பார்த்தது. அத்தனை கண்ணும் தன்மேல் விழுந்ததும் அந்த மனிதருக்கு ஆங்கிலமும் வரவில்லை, தமிழும் வரவில்லை. கடைசியில், "ஆராய்ச்சிக் கொழுந்துக்குப் போட மாட்டம்" என்றார்.

"அப்ப நேத்துப் போட்டது?" பின்னால் இருந்து பேச்சியம்மா கேட்டாள்.

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சிரிப்பு வரிசை வரிசையாகப் பரவியது. "அதுவும் இல்லை" என்று சொல்லிவிட்டு டொக்டர் திரும்பி நடந்தார். நடந்த வேகத்தில் குடை மழைத்தண்ணி ஓடும் கான்கட்டையில் தட்டுப்பட்டு மடிந்துகொண்டது. நேற்றிரவு உப்பைத் தள்ளாமல் விட்டேனே என்று எனக்கு வெட்கமாக இருந்தது. ஓடிப்போய் அவனைக் கட்டிப்பிடித்தேன்.

காலைத் தேத்தண்ணி ஆறுவதற்குள் டொக்டர் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டுவிட்டார்.

"நான் சொன்னது ஒண்டு, நீர் செய்தது ஒண்டு. உம்மை வைச்சுப் பயிற்ற ஏலாது. இண்டைக்கே அறையைக் காலி செய்யும்."

"என் எண்ணிக்கை சரியா, தப்பா? அத மட்டும் சொல்லிருங்க சேர்."

"சரி பிழை இப்ப கதையில்லை."

நான் கத்தினேன். என்னென்ன சொன்னேன் என்று எனக்கே முழுக்க நினைவில்லை. உங்கள் லண்டன் பட்டத்தைக் கொண்டுபோய் அட்டைக்குப் போடுங்கள் என்று சொன்னது மட்டும் நினைவிருக்கிறது. என்னை அவர் ஒன்றும் செய்யவில்லை. கொழும்புக் கூட்டத்துக்கு முன் குழாய் பிடிக்க ஒரு ஆள் வேண்டும். அதைவிட, என் வாப்பாவுக்குக் கினிகத்தேனையில் ஊர் மதிக்கும் கடை இருந்தது, எனக்கு நாடு இருந்தது. அழகனுக்கு இருந்ததெல்லாம் ஒரு தகரப்பெட்டிதான்.

ஹட்டன் பஸ் நிலையம்வரை கூடப் போனேன்.

"அம்மாக்கிட்ட என்னன்னு சொல்லப் போற?" என்று கேட்டேன்.

"பெரட்டுல பேசினேன்னு சொல்லுவேன்" என்றான். பஸ் புறப்பட்ட பிறகு பக்கத்தில் இருந்த மைல்கல்லை உதைத்தேன். பெருவிரல் வீங்கியதுதான் மிச்சம்.

அடுத்த கொழுந்து நாள் வந்தது. கூட்டத்துக்கு முன் வரக்கூடிய கடைசிக் கொழுந்து அதுதான். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் திருட்டுத்தனமாக அளந்ததைக் கூட்டத்தில் காட்ட முடியாது, டொக்டருக்கு ஒழுங்கான பை வேண்டும். பையில் வழக்கம்போல வெறும் துண்டு இலக்கம் எழுதிய மட்டை கட்டி, நான் காலையில் அனுப்பியிருந்தேன். வழக்கமாகக் கங்காணிதான் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார். அன்று மழையோடு மழையாக வேலாயியே வந்தாள். பின்னால் பேச்சியம்மாவும் இன்னும் இரண்டு பேரும், ஆளுக்கு ஒரு பை. ஆய்வுகூடத்துப் படியில் நின்றுகொண்டு குரல் கொடுத்தாள்.

"அழகன் தம்பியக் கூப்புடுங்க. சொன்ன மாதிரி எடுத்திருக்கோமான்னு பாக்கச் சொல்லுங்க."

பையை அவிழ்த்துப் பார்த்தேன். நல்லதும் கெட்டதும் கொப்புளமும் செடியில் இருந்தபடியே வந்திருந்தது. பிறந்ததில் இருந்து கையில் ஊறிய பழக்கத்தை அடக்கிக்கொண்டு எடுத்திருக்கிறார்கள். அது லேசான வேலையில்லை.

"நல்லாச் சரியா இருக்கு" என்றேன்.

"நீங்க சொன்னாப் போதாது. பறிக்கவே தெரியாத ஆளு நீங்க" என்று சிரித்தாள். "அவரு வாயால சொல்லணும்."

"அவன் இல்லக்கா. அனுப்பிட்டாங்க."

"எங்க?"

"ஊருக்கு. வேலையில இருந்து நிப்பாட்டிட்டாங்க."

"எதுக்கு?"

"அன்னைக்குப் பெரட்டுல பேசினதுக்கு."

வேலாயி என் கையில் இருந்த பையை வாங்கினாள். தலைகீழாகப் பிடித்துப் படியில் கொட்டினாள். மட்டை எங்கேயோ போய் விழுந்தது. திரும்பிப் பார்த்தாள். பேச்சியம்மா தன் பையை அதன்மேல் கொட்டினாள். மற்ற இரண்டு பேரும் கொட்டினார்கள். வேலாயி குனிந்து, இரண்டு கையாலும் நான்கு துண்டின் கொழுந்தையும் கீழும் மேலுமாகப் பிரட்டிவிட்டாள்.

"அரைப்பேருதான? போட்டுக்கிரட்டும்" என்று சொல்லிவிட்டு மழையில் இறங்கிப் போனார்கள்.

சத்தம் கேட்டு டொக்டர் வெளியே வந்தார். படியில் கிடந்த குவியலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"என்ன இது? எது எந்தத் துண்டு?"

"தெரியாது சேர்."

"தெரியாதெண்டால்? கூட்டத்துக்கு இது வேணும். குனிஞ்சு பிரியும். கொப்புளத்தைப் பார்த்துப் பிரிக்கலாம்தானே, ஆராவது செய்ய ஏலும்தானே?"

"ஏலும் சேர்" என்றேன். "ஆளு உடப்புசல்லாவையில இருக்கான். நீங்களே போய்க் கூட்டிட்டு வாங்க."